கொல்லிமலைக்கு எத்தனை பல்?

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவது சுலபம். வந்தவரிடம் லேசான கியர் போதும் என்று சொல்லிப் புரியவைப்பதுதான் வேலை. கேளம்பாக்கத்தில் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று பேசிப் பேசித் தொண்டை வறண்டவர்களே, உங்களுக்காவது இது விளங்கும்.

பாலம் ஏறியவர்

சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் பிரபாகர் ரேஸ் சைக்கிளோடு வந்தார். அவருடைய குழு கொல்லிமலைக்குப் போகிறதாம். எழுபது கொண்டை ஊசி வளைவு. அவர் பின்சக்கரத்தில் இருப்பதிலேயே பெரிய பல்சக்கரத்துக்கு இருபத்தைந்து பல்தான்.

"முப்பத்துநாலு போடலாம் சார். பின்னால பல்லு கூடக்கூட மிதி லேசாகும்" என்றேன். அரைமணி நேரம் மன்றாடினேன். அவர் தொடையைத் தட்டிக் காட்டினார்.

"முட்டுக்காடு பாலத்தையே பெரிய கியர்ல ஏறுறவன் நான். எங்கிட்ட போய் லேடீஸ் கியர் விக்கிறீங்களே!"

டாக்டர் சொன்னது

அதே குழுவில் செங்கல்பட்டு ஸ்டெல்லா டீச்சரும் இருந்தார். ஐம்பத்துமூன்று வயது, வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். இந்தப் பயணத்தால் மகள் அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள். "இருக்கறதுலயே லேசானது எதுவோ அதைப் போடுங்க தம்பி" என்றார். முப்பத்துநாலு பல் போட்டேன். அதற்குச் செயின் மாற்றும் பாகத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாள் இடுப்பு ஒடிந்தது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"படிக்கட்டு ஏறாதீங்கன்னாரு. மலையைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலையே!"

முப்பத்தோராவது வளைவு

குழுவோடு மெக்கானிக்காக நானும் போனேன். வண்டி, சதுரங்கப்பட்டினத்து வேலு ஓட்டிவந்த மீன் வேன். எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. முப்பத்தோராவது வளைவில் பிரபாகர் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர். தைலம் தேய்த்தேன்.

"அந்த முப்பத்துநாலு வேன்ல இருக்கா?" என்று மெல்லக் கேட்டார். இருந்தது. ஆனால் அதைத் தாங்கும் பாகம் அவர் சைக்கிளில் இல்லை. அவர் தலையைத் தொங்கப்போட்டபடி வேனில் ஏறினார். வேலு திரும்பிப் பார்த்தான்.

"வேனையே ஃபர்ஸ்ட் கியர்லதான் இட்டுகினு வந்துகினு கீறேன் சார். அதுக்கு இன்னா, வெக்கமா பட முடியும்?"

கடைசி ஐந்து வளைவு

டீச்சர் நடக்கிற வேகத்தில்தான் ஏறிக்கொண்டிருந்தார். அவர் கால் நடுங்குவதைப் பார்த்துப் பயந்து, நான் இறங்கிப் பக்கத்திலேயே நடந்தேன். நிற்கலாமா என்றேன், வேண்டாம் என்று தலையசைத்தார். நின்றால் மறுபடி ஏற முடியாது என்று அவருக்குத் தெரியும்.

உச்சிக்கு வந்ததும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதார். பிறகு மகளுக்கு போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள் எடுத்தாள்.

"மேலதான்டி இருக்கேன். முட்டி வலிக்குது. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாத."

அடுத்த திங்கட்கிழமை

பிரபாகர் கடைக்கு வந்தார், இன்னும் நொண்டிக்கொண்டு. அடுத்தது ஊட்டியாம். முப்பத்துநாலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இருபத்தெட்டு போடுங்க, போதும். இவ்வளவு பெருசா இருந்தா ஃபோட்டோவுல தெரியும்."

எவ்வளவு செங்குத்தான மலைக்கும் என்னிடம் பல்சக்கரம் இருக்கிறது. மனுஷனுடைய கௌரவத்தின்மேல் ஏறுகிற மாதிரி ஒன்றை இதுவரை எந்தக் கம்பெனிக்காரனும் எனக்கு அனுப்பவில்லை.