மச்சினன் கை

பூனை குறுக்கே போனால் பூனைக்குத்தான் இன்றைக்கு நேரம் சரியில்லை என்று சொல்கிற ஆள் ரெக்சன். கூட்டினால் எட்டு வருகிற நம்பர் என்று தூத்துக்குடியில் ஒருத்தரும் தொடாமல் கிடந்த பைக்கைத் தேடிப் போய் வாங்கி, அதிலேயேதான் வருஷக்கணக்காகச் சுற்றுகிறான். புறப்படுகிற நேரம் யாராவது தும்மினால், "இன்னொண்ணும் போட்டுரும், ஜோடியாப் போவட்டும்" என்பான். பக்கத்துக் கடை வாசலில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டால், மிளகாயை மட்டும் உருவிக்கொண்டு போய்ப் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்வான். அவன் குடியிருக்கிற திரேஸ்புரத்தில் அவன் வாய்க்குப் பயந்தே பல பேர் அவன் முன்னால் சகுனம் பார்ப்பதில்லை. அப்படிப்பட்டவன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கேலி பேச மாட்டான். அது கயிறு.

சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றை, மேலே வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப் பிறந்தவனாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி ஆகாது. கணக்கு ரொம்ப எளிது. அண்ணன் தம்பிக்குச் சொத்தில் கண் போகலாம். மச்சினன் கயிற்றை விட்டால் அறுபடுவது அவன் அக்காள் தாலி, எவன் விடுவான்? முதலில் இது வெறும் கணக்காகத்தான் இருந்திருக்கும். போகப் போகக் கணக்கு மறந்துபோய், நம்பிக்கை அந்தக் கையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. மச்சினன் மனசு சுத்தமாக இருந்தால் கடல் ஆளைத் தொடாதாம். மனசில் கறை இருந்தால் அது கயிறு வழியாகவே கீழே இறங்கிவிடுமாம். இப்போது மூச்சுக்குக் கம்ப்ரசர் வந்துவிட்டது, சங்கு கிடக்கிற இடத்தைக் காட்ட ஜி.பி.எஸ். வந்துவிட்டது. கயிறு மட்டும் மச்சினன் கையை விட்டு நகரவில்லை.

அக்காள் விஜிலாவை வில்பிரட்டுக்குக் கட்டிக்கொடுத்த வாரமே கயிறு ரெக்சன் கைக்கு வந்துவிட்டது. அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் ஆள் நலம், இரண்டு வந்தால் கயிற்றைத் தளர்த்து, விடாமல் இழுத்தால் தூக்கு. அதற்கு மேல் அதில் பேச்சு கிடையாது. இத்தனை வருஷத்தில் வில்பிரட்டின் காலை ஒரு சிப்பிகூடக் கிழித்ததில்லை. தண்ணீருக்குள் அவ்வளவு நிதானமான மனுஷன், கரையேறிச் சாராயக் குப்பியைத் தொட்டுவிட்டால் வேறு ஆள். தரையில் அவனைப் பிடித்து நிறுத்தக் கயிறு இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன் விஜிலா, மகள் அனுஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தாள். இடது கன்னம் வீங்கிக் கண் மூடிக் கிடந்தது. கதவு இடித்துவிட்டது என்றாள். பிறகு அவளே, "கதவுமில்ல, ஒண்ணுமில்ல. இனி அந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்றாள். ரெக்சன் விருட்டென்று எழுந்தான். கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான், கழுவிக்கொண்டே நின்றான். அப்போது மனசுக்குள் ஒரு நினைப்பு வந்தது. இந்த ஆள் ஒருநாள் கீழே இறங்கி, அப்படியே கடலோடு போய்விட வேண்டும். வந்த வேகத்தில் அது போயும் விட்டது. ஆனால் நினைத்தது நினைத்ததுதானே. யாரிடமும் சொல்லாததால் அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடந்தது.

அதற்குப் பிறகு வில்பிரட் கடலுக்குப் போகவில்லை. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனவனுக்குக் கயிறு பிடித்தால் பழி நம் தலையில் விடியும் என்று மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டிருந்தாலும் அவன் இறங்கியிருக்க மாட்டான். கடைசியில் வள்ளத்தில் மிஷின் பார்க்கிற செந்தூர்வேல் ரெக்சன் வீட்டுக்கு வந்தான். அவன் உடன்குடிக்காரன், லாரிப் பட்டறையில் வேலை பழகியவன், குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வருஷம் தவறாமல் வேஷம் கட்டுகிறவன். அவனுக்கு இந்தக் குடும்பத்தோடு உறவும் கிடையாது, பகையும் கிடையாது.

"வில்பிரட் அண்ணாச்சி கூப்பிட்டாவ அண்ணே. நாளைக்குத் தண்ணி தெளிவா இருக்குமாம்."

"முடியாதுன்னு சொல்லு" என்றான் ரெக்சன்.

உள்ளேயிருந்து விஜிலா வந்தாள். "நீ போயிட்டு வால" என்றாள்.

"உனக்கு வெக்கமா இல்லையாக்கா?"

"நான் அந்த மனுசன்கூட வாழ மாட்டேன். அது வேற. எம்பிள்ளைக்கு அப்பன் வேணும். வேற எவனும் பிடிச்சா அந்த ஆளு உள்ள போயிப் பயத்துலயே செத்துருவாரு. நீ பிடிச்சா ஒண்ணும் ஆவாதுல."

கடைசியாகச் சொன்னதுதான் ரெக்சனைப் போட்டு உலுக்கியது. அவள் நம்பி அனுப்புகிற கை எப்படிப்பட்ட கை என்று அவளுக்குத் தெரியாதே.

மறுநாள் காலையில் மூவரோடு வள்ளம் புறப்பட்டபோது காற்று விழுந்து கிடந்தது. அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் குச்சிகளாகச் சிறுக்கும்வரை செந்தூர்வேல் வள்ளத்தை ஓட்டிக்கொண்டே போனான். நங்கூரம் போட்டதும் வில்பிரட் இடுப்பில் ஈயப் பட்டையைக் கட்டினான், காற்றுக் குழாயை வாயில் வைத்து இழுத்துப் பார்த்தான், சிலுவை போட்டுக்கொண்டான். ரெக்சன் முகத்தைப் பார்க்காமல் கயிற்று நுனியை நீட்டினான்.

"பிடிச்சுக்க மாப்ள."

ரெக்சன் வாங்கிக்கொண்டான். வில்பிரட் இறங்கினான். கயிறு விரல்களுக்கிடையே ஓடி, அடியில் நின்றது. ஒரு இழுப்பு வந்தது. ஆள் நலம்.

ரெக்சன் வேண்டுமென்றே நல்லதாக ஏதாவது நினைக்கப் பார்த்தான். அனுஜா முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று வில்பிரட் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க நடந்ததை நினைத்தான். அதன் மேல் வீங்கிய கன்னம் வந்து நின்றது. பனிமய மாதாவே என்று ஆரம்பித்த ஜெபம் பாதியில் நின்றுபோனது. நினைக்கக் கூடாது என்று நினைப்பதும் அதையே நினைப்பதுதான். பாவம், அவனுக்கு அது அப்போதுதான் தெரிந்தது. ஊரார் நம்பிக்கைகளையெல்லாம் நக்கலடித்துத் திரிந்தவன், தன் உள்ளங்கையைப் பார்க்கவே பயந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. கம்ப்ரசரின் பெல்ட் அறுந்து, வள்ளத்தின் பலகையில் அடித்து விழுந்தது. எஞ்சின் மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"பெல்ட்டு போயிட்டு" என்றான் செந்தூர்வேல். "டேங்குல கொஞ்சங் காத்துதான் கெடக்கும். தூக்குங்கண்ணே."

ரெக்சன் இழுத்தான். கயிறு கொஞ்சம் வந்தது. பிறகு பாறையில் கட்டிப்போட்டது மாதிரி நின்றுவிட்டது. வெடுக்கென்று மறுபடி இழுத்தான். கீழேயிருந்து கயிறு தாறுமாறாகத் துடித்தது. அது ஒரு இழுப்பும் இல்லை, இரண்டு இழுப்பும் இல்லை, தூக்கச் சொல்கிற இழுப்பும் இல்லை. அவன் இழுக்க இழுக்கத் துடிப்பு கூடியது.

இறங்கிவிட்டது. கொல்லைக் குழாயடியில் நினைத்தது கயிறு வழியாக இறங்கி அந்த ஆளைப் பிடித்துவிட்டது. ரெக்சனுக்கு அந்த நேரம் இதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. செந்தூர்வேல் மாற்று பெல்ட்டையும் ஸ்பானரையும் கையில் எடுத்தாயிற்று. ரெக்சன் அப்போது செய்ததை மூளை உள்ளவன் எவனும் செய்ய மாட்டான். எழுந்து போய்க் கயிற்றைச் செந்தூர்வேலின் கையில் திணித்தான்.

"நீ பிடி."

"நானா? அப்ப பெல்ட்டு யாரு மாட்டுறது?"

"நான் மாட்டுதேன். என் கையில வேண்டாம், பிடில."

மிஷின் தெரிந்தவன் கயிற்றோடு நிற்க, கயிறு தெரிந்தவன் மிஷினோடு மல்லுக்கட்டினான். செந்தூர்வேலுக்கு இழுப்பும் தளர்த்தலும் தெரியாது. கிணற்றில் வாளி எங்கேயோ மாட்டிக்கொண்டால் பிடிப்பதுபோல, இழுக்காமலும் விடாமலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன செய்யணும்ணே?"

"விட்டுராத. அது போதும்."

ரெக்சனின் விரல்கள் கிரீஸில் வழுக்கின. பெல்ட் ஒரு சக்கரத்தில் ஏறினால் இன்னொன்றில் நழுவியது. "மொதல்ல போல்ட்ட லூஸ் பண்ணுங்க, போல்ட்ட" என்று செந்தூர்வேல் அங்கிருந்தே கத்தினான். ஸ்பானர் கை தவறிப் பலகைச் சந்துக்குள் விழுந்தது. ரெக்சன் குப்புறப் படுத்துத் துழாவினான். டேங்கின் மீட்டரில் முள் இறங்கி இறங்கிக் கடைசிக் கோட்டில் வந்து படுத்தது. அதற்குப் பிறகு அதைப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை.

"அண்ணே, கயிறு லேசாவுது."

ரெக்சன் துழாவுவதை விட்டு எழுந்தான். ஆள் மேலே வந்தாலும் கயிறு லேசாகும், ஆள் கயிற்றை விட்டுக் கழன்றாலும் லேசாகும். அவன் பாய்ந்து வந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டான். ஏன் பிடுங்கினான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. குமிழிகள் வந்தன, பின்னாலேயே வில்பிரட்டின் தலை வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு கையில் கத்தி, காலில் கிழிந்த வலைத் துண்டு. இரண்டு பேருமாக அவனைத் தூக்கிப் போட்டார்கள். கடல் தண்ணீரைக் கக்கிவிட்டு, அவன் அப்படியே மல்லாந்து கிடந்தான். ரெக்சன் அவன் காலில் சுற்றியிருந்த வலையை உருவி எறிந்தான்.

மூச்சு சீரானதும் வில்பிரட் பேசினான். "எவனோ அறுத்துப் போட்ட வலை. கால்ல சுத்திட்டு. மொதல்ல நீ வெடுக்கு வெடுக்குன்னு இழுத்தியா, அது இன்னும் இறுகிட்டு. முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். பொறவு இழுக்காம இறுக்கிப் பிடிச்ச பாரு. அந்தக் கை. மேல என் மாப்ள இருக்காம்லான்னு அப்பதான் தெம்பு வந்துது. நிதானமாக் கத்திய எடுத்து அறுத்தேன்."

செந்தூர்வேல் ரெக்சனைப் பார்த்தான். ரெக்சன் குனிந்து கயிற்றைச் சுருட்டினான். உயிரோடு வந்து கிடப்பவனிடம் இப்போது எதற்கு அதைச் சொல்ல வேண்டும்? ஆள் உள்ளே இருக்கும்போது கயிற்றைக் கைமாற்றினான் என்று தெரிந்தால் திரேஸ்புரத்தில் எந்த வள்ளத்திலும் இனி அவனை ஏற்ற மாட்டார்கள். வாயை மூடிக்கொள்வதுதான் எல்லாருக்கும் நல்லது என்று முடிவு செய்தான்.

கரையேறிய வில்பிரட் வீட்டுக்குப் போகவில்லை. ஈர லுங்கியோடு நேரே ரெக்சன் வீட்டு வாசலில் போய் நின்றான். ரெக்சன் பின்னாலேயே ஓடினான். விஜிலா கதவைத் திறந்தாள். எதிர்வீட்டுப் பிரேமாவும் வாசலுக்கு வந்தாள்.

"விஜிலா, உன் தம்பி கைதான் இன்னைக்கு என்ன மேல கொண்டாந்துது" என்றான் வில்பிரட். "மனசுல கறை இருந்தா அந்தக் கை அப்பிடி நின்னுருக்குமா? நீங்க ரெண்டு பேரும் என்ன மன்னிச்சாச்சுன்னு கடலே சொல்லிட்டு. பிள்ளையக் கூட்டிட்டு வா, வீட்டுக்குப் போவம்."

அவன் நடிக்கவில்லை. சொல்லும்போது கண் கலங்கியது. ரெக்சனுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"மாதாவே காட்டின வழி ஏளா, போ" என்றாள் பிரேமா.

விஜிலா தம்பியைப் பார்த்தாள். கதவைப் பிடித்திருந்த அவள் கை தளர்ந்திருந்தது. "அப்பிடியால?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். அவள் புறப்பட்டுவிடுவாள், அவனுடைய பிழைப்பும் பேரும் தப்பிவிடும். ரெக்சன் அவள் இடது கன்னத்தைப் பார்த்தான். வீக்கம் வடிந்து மஞ்சளாக ஒரு திட்டு மட்டும் பாக்கி இருந்தது.

"மச்சான், கயிறு என் கையில இல்ல."

வில்பிரட்டுக்குப் புரியவில்லை.

"நீங்க சொல்லுத கை செந்தூர்வேல் கை. வெடுக்கு வெடுக்குன்னு இழுத்தது மட்டுந்தான் நான். நீங்க தலையத் தூக்குத நேரத்துலதான் திரும்ப வாங்குனேன்."

"விட்டுட்டியால?"

"விட்டுட்டேன். அக்கா வீங்குன மூஞ்சியோட வந்த அன்னைக்கு, நீங்க கடலோட போயிரணும்னு நெனச்சேன். அந்த நெனப்பு இருக்குத கையில உங்க உசுரு இருக்கக் கூடாதுன்னுதான் விட்டேன். நான் மன்னிக்கல மச்சான். இப்பவும் மன்னிக்கல."

வில்பிரட் தன் இடுப்பைத் தடவினான். கயிறு அழுத்திய தடம் அங்கே சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் திரும்பி நடந்தான். பிரேமா சிலுவை போட்டுக்கொண்டே உள்ளே போனாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நாளை முதல் ரெக்சன் துறைமுகத்தில் மூட்டை தூக்கத்தான் போக வேண்டும்.

விஜிலா தம்பியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். நம்பி அனுப்பியவள் இப்போது பிடிபிடியென்று பிடிக்கப் போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நானுந்தான்ல நெனச்சேன்" என்றாள். "ஜெபமாலை சொல்லி முடிச்ச கையோட, தெனமும் நெனச்சேன்."

ரெக்சன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சட்டென்று தெரியவில்லை.

"ரெண்டு பேரு சேந்து நெனச்சும் அந்த மனுசனுக்கு ஒண்ணும் ஆவலியேல" என்றாள்.