சித்தூரிலிருந்து திருப்பதிக்கு, அந்தோணியின் பதினேழாம் நாள்

தவக்காலத்தின் நான்காம் வெள்ளியில் சிலுவைப்பாதை செய்யலாம் என்றுதான் சித்தூர் போனேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒரே ஒரு நாள் விடுப்பு. வியாழன் மாலை அம்பத்தூரில் கிளம்பி, தம்பி அந்தோணி வீட்டில் தங்கினேன். அவன் எலக்ட்ரீஷியன்.

"நாளைக்கி கோயிலுக்கு வர முடியாதுக்கா. வசந்தாம்மாவ திருப்பதி ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிக்கினு போவணும்" என்றான். நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

வசந்தாம்மா, குமரேசனின் மனைவி. குமரேசன் தம்பியின் தெருவிலேயே எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். போன வருடம் கடையில் ஒயர் பண்டல்கள் காணாமல் போனபோது, அங்கே வேலை பார்த்த அந்தோணியைத் திருடன் என்று தெருவில் நிற்க வைத்துச் சொன்னவர். ஐந்து மாதம் ஒருவரும் இவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. இப்போது வசந்தாம்மாவுக்கு மார்பில் புற்றுநோய், இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு. பிள்ளைகள் இல்லை. குமரேசனுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. யாரும் துணைக்கு வராதபோது இவனாகவே போய் நின்றிருக்கிறான். இது பதினேழாம் நாள்.

சிலுவைப்பாதையை விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். பக்தியால் இல்லை, கோபத்தால்.

காலை 5.40 பேருந்து. எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். பூதலப்பட்டு தாண்டியதும் வசந்தாம்மா வாந்தி எடுத்தார். பின்சீட்டுக்காரர் தெலுங்கில் திட்டினார். அந்தோணி தன் துண்டால் தரையைத் துடைத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இயந்திரம் பழுது என்று மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்தோணி இட்லி வாங்கப் போனபோது வசந்தாம்மா என் கையைப் பிடித்தார்.

"ஒந்தம்பி திருடலம்மா. அவரு தங்கச்சி மவன்தான் எடுத்துக்கினு போனான். எனக்கு அன்னிக்கே தெரியும். வாயத் தொறக்கல."

கையை உதறிவிட்டு வெளியே ஓடினேன். எதிரே வந்த அந்தோணியிடம் அதைச் சொன்னேன். அவனுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"மூணாவது நாளே பஸ்ல சொல்லிட்டாங்கக்கா. கேட்டதும் சந்திரகிரில எறங்கிட்டேன், அவங்கள அப்படியே வுட்டுட்டு."

"அப்புறம் ஏன்டா வந்த?"

"அடுத்த பஸ் புடிச்சி வந்தேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டுல எறங்கின எடத்துலயே நின்னுக்கினு இருந்தாங்க. நீ நெனைக்கிற மாதிரி நான் மன்னிச்சிடல்லாம் இல்லக்கா. தெனம் காலைல போவக் கூடாதுன்னுதான் தோணுது. சேசுவுக்கும் சிலுவைக்கி முந்தின ராத்திரி அந்தத் தோட்டத்துல அப்படித்தான தோணிச்சி? எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். நீ துன்னு, ஆறிப்போவுது."

சிகிச்சை முடிந்து மாலை ஐந்தரைக்குத் தெருவுக்குத் திரும்பினோம். கடையில் குமரேசனும் நாலைந்து பேரும் இருந்தார்கள். வசந்தாம்மா வீட்டுக்குள் போகாமல் கடை வாசலில் நின்றார்.

"ஒயர அந்தோணி எடுக்கல. ஒங்க தங்கச்சி மவன் எடுத்தான். ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

குமரேசன் மேசையைத் தடவி எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. அந்தோணி முகத்திலும் வெற்றி இல்லை, களைப்புதான். "திங்கக்கெழம வெள்ளன ரெடியா இருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

சிலுவைப் பாடுகளைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவை இவ்வளவு அலுப்பானவை, வாந்தி நாற்றமும் காத்திருப்பும் கலந்தவை என்று யாரும் சொன்னதில்லை.

இதே சிகிச்சைக்குத் துணை போகிறவர்களுக்கு: முதல் பேருந்தைப் பிடியுங்கள், முன்சீட்டில் உட்காருங்கள். பிளாஸ்டிக் பையும் இரண்டு துண்டும் வேண்டும். மதியத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். நோயாளியோடு உங்களுக்குப் பழைய மனத்தாங்கல் இருந்தால், அதோடேயே ஏறிவிடுங்கள். அது ஆறட்டும் என்று காத்திருந்தால் இருபத்தைந்து நாளும் முடிந்துபோகும்.