மணப்பெண் ஏறிய வண்டி

தை மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணி. நாகப்பட்டினத்தில் என் வலைக் கடை வாசலிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்குக் கிளம்பினேன். கொஞ்சம் முன்னே பின்னே நூற்றுப் பத்து கிலோமீட்டர். மறுநாள் அங்கே என் தங்கை மகன் பிரபுவுக்குக் கல்யாணம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வேனில் போனார்கள். நான் மட்டும் என் பழைய டீசல் காரில். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. வலையும் நைலான் கயிறும் ஏற்றி ஏற்றிப் பின் சீட்டு ஒரு பக்கம் அமுங்கிக் கிடக்கும்.

இருந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா? "பொண்ணையும் மாப்பிள்ளையையும் என் வண்டியிலதான் கூட்டிக்கிட்டு வரணும். வாடகைக் காரெல்லாம் எதுக்கு? என் வண்டி ஒரே செல்ஃப்ல எடுக்கும்" என்று தங்கை வீட்டில் ஒரு மாதமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். ஆம்பிளை ஓட்டும் வண்டி நடுரோட்டில் நின்றால் வண்டி ரிப்பேர் என்பார்கள். நான் ஓட்டும் வண்டி நின்றால் "பொம்பள ஓட்டினா இப்படித்தான்" என்பார்கள். அந்தப் பேச்சை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று எனக்கொரு வீம்பு.

உண்மை எனக்குத் தெரியும். மெக்கானிக் போன மாதமே சொல்லிவிட்டான். "நாலு ஹீட்டர் பிளக்ல ரெண்டு கருகிப் போச்சுக்கா. பனி நேரத்துல இன்ஜின் சூடேறாது, மக்கர் பண்ணும். மாத்திடுங்க." கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். நாகையில் அது வெளியே தெரியாது. நான் வண்டி எடுப்பதே பத்து மணி வெயிலில்தான். நிறுத்துவதும் கடைக்குப் பக்கத்துச் சரிவில். எடுக்காவிட்டால் உருட்டிவிட்டுக் கொள்ளலாம்.

சனிக்கிழமைப் பயணம் சுகமாகத்தான் இருந்தது. நீடாமங்கலம் தாண்டி இரண்டு பக்கமும் சம்பா அறுவடை. பாதி ரோட்டில் நெல்லைக் காயப் போட்டுச் சுற்றிக் கல் வைத்திருந்தார்கள். தஞ்சாவூரைக் கடந்து கண்டியூரில் டீ குடிக்க நின்றேன். டீ பதினைந்து ரூபாய். கடைக்காரர் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களேவா ஓட்டிக்கிட்டு வர்றீங்க?"

"பின்ன, அது தானா வருமாங்க?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த நிமிர்வோடு அங்கிருந்து மேற்கே போனேன், வலப்பக்கம் காவேரி கூடவே வந்தது.

ஞாயிறு கல்யாணம் நன்றாக நடந்தது. வேன் அன்று மதியமே திரும்பிவிட்டது. மணமக்களோடு நானும், பிரபுவின் அப்பாவுடைய தங்கை சரோஜாவும் மட்டும் பெண் வீட்டில் தங்கினோம். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ராகு காலம். அதற்கு முன்னே பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்று பேச்சு.

திங்கள், காலை ஆறே கால். வாசலுக்கு வந்தபோது எதிர் வீடு தெரியவில்லை, அவ்வளவு பனி. ஆற்றோரத்து ஊர், வயலிலிருந்தும் குளிர் ஏறி வந்துகொண்டிருந்தது. பானெட்டில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. அந்தத் தெருவில் பேருக்குக்கூட ஒரு சரிவு இல்லை.

மணப்பெண் சுகன்யா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாரையும் கும்பிட்டாள். வலது காலை எடுத்து வைத்து ஏறி, பின் சீட்டில் சரோஜா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரபு முன்னால் ஏறினான். தெருவே வாசலில் நின்றது. சாவியைத் திருப்பினேன். ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து செல்ஃப் அடித்தேன். வண்டி இருமியது. மறுபடி அடித்தேன். மறுபடி இருமியது. அப்புறம் முனகல் மட்டும்தான்.

சரோஜா ஜன்னல் வழியாகச் சொன்னாள், தெருவுக்கே கேட்டது. "என்னங்க இது, பொண்ணு காலெடுத்து வெச்ச உடனே வண்டி எடுக்க மாட்டேங்குது?"

அவ்வளவுதான். சுகன்யாவின் அம்மா முகம் வெளுத்துப் போனது. ஓடிப்போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார். "எறங்கும்மா, சாமியக் கும்பிட்டுட்டு மறுபடி ஏறு" என்றார். அவள் இறங்கினாள், கும்பிட்டாள், ஏறினாள். நான் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. "இன்னொரு தடவை எறங்கி ஏறச் சொல்லுங்க" என்றாள் சரோஜா. அந்தப் பெண் மறுபடி இறங்கினாள்.

இருபது நிமிடம் இந்தக் கூத்து நடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஹீட்டர் பிளக் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொன்னால் என் பவிசு போய்விடுமே! கல்யாணமாகி ஒரு நாள்கூட ஆகாத பெண்ணின் தலையில் என் வண்டியின் கோளாறை ஏற விட்டேன். சீ, நானெல்லாம் ஒரு பெரிய மனுஷியா?

கடைசியில் அவள் அம்மா என் பக்கம் வந்து ஜன்னலோரம் குனிந்தார். கை கூப்பியிருந்தார். "சம்பந்தி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. எம்பொண்ணு நல்ல பொண்ணுங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். "அய்யோ, நீங்க கையெடுக்காதீங்க. கோளாறு வண்டியில. ஹீட்டர் போச்சுன்னு எனக்குப் போன மாசமே தெரியும். தெரிஞ்சேதான் ஓட்டிக்கிட்டு வந்தேன்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன்.

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்க! பொண்ணு பேரு கெடக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிறாங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இல்லீங்க, நெசமாத்தான் சொல்றேன்" என்று நான் சொல்லச் சொல்ல என் பெருமை ஏறிக்கொண்டே போனது. செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படிக் கூசியிருக்காது.

குளிக்கக் காய வைத்திருந்த வெந்நீரைக் கொண்டுவரச் சொல்லி, துணியில் நனைத்து இன்ஜின் மேல் போட்டோம். பெண் வீட்டு ஆட்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். தெருக்கோடியில் வண்டி உதறிக்கொண்டு பிடித்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள்மேல் கரும்புகை அடித்தது. மணி ஏழு இருபது.

அதன்பிறகு நாகை வரை இன்ஜினை அணைக்கவில்லை. பயம்தான். அம்மாபேட்டையில் பிரபு இறங்கிப்போய் டீ வாங்கி வந்தான், வண்டி உறுமிக்கொண்டே நின்றது. சுகன்யா டீ வேண்டாம் என்றாள். கண்ணாடியில் பார்த்தேன், குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொரடாச்சேரி தாண்டிக் கேட்டாள். "எனக்காகத்தானே பெரியம்மா அப்படிச் சொன்னீங்க?"

"இல்லம்மா. சத்தியமா வண்டிதான்."

"உங்களுக்கு நல்ல மனசு" என்றாள். திருவாரூர் வரும்வரை ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தேன்.

பத்தரைக்கு நாகை. ஆரத்தி கரைப்பதற்குள் சரோஜா இறங்கி, வாசலிலேயே கதையை ஆரம்பித்துவிட்டாள். பெண் ஏறியதும், வண்டி எடுக்காததும், என் பெரிய மனசும். என் தங்கை கேட்டுக்கொண்டே மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு வண்டியைக் கடைச் சரிவில் விடவில்லை. தங்கை வீட்டு வாசலில், சமதரையில் நிறுத்தினேன். "நாளைக்கு விடியக்காலைல எல்லாரும் வந்து பாருங்க. பொண்ணு ஏற மாட்டா. அப்பவும் வண்டி எடுக்காது. அப்பறமாவது நம்புவீங்களா?" என்றேன். இனி ஊர் பொம்பளை டிரைவர் என்று சிரித்தாலும் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

செவ்வாய், காலை ஆறு மணி. தங்கை, பிரபு, சரோஜா எல்லாரும் வாசலில். சுகன்யா கதவோரம். சாவியைத் திருப்பினேன்.

ஒரே செல்ஃப். எடுத்துவிட்டது.

முந்தின நாள் மூன்று மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் பேட்டரி நன்றாக ஏறியிருந்தது. கடல் காற்றில் பனியும் இல்லை, திருக்காட்டுப்பள்ளிக் குளிர் இங்கே ஏது? இதையெல்லாம் சொன்னேன். யார் கேட்டார்கள்? சரோஜா சுகன்யாவை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். என் தங்கையும் போனாள். ஒரு வண்டி கிளம்பியதற்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

சுகன்யா மட்டும் பக்கத்தில் வந்தாள். மெதுவாகக் கேட்டாள். "அப்ப என்னாலதானா பெரியம்மா?"

"ஏறும்மா. மெக்கானிக்கைக் கடை திறக்கச் சொல்றேன். கருகிப்போன பிளக்கைக் கழட்டி உன் கையிலயே குடுக்கச் சொல்றேன். உன் கண்ணால நீயே பாரு" என்று கதவைத் திறந்து பிடித்தேன்.

அவள் வந்தாள். திறந்த கதவுக்கு முன்னால் நின்றாள். எந்தக் காலை எடுத்து வைப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.