கண் திறக்காத அம்மன்

இரண்டாயிரங்களில் சென்னையை அடுத்த படூரில் நான் வேலை பார்த்த கம்பெனி, வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடியோ கேம் செய்துகொடுத்தது. சண்டை கேம் ஒன்றுக்கு ஸ்டேஜ், அதாவது இருவர் மோதிக்கொள்ளும் களம், அமைக்கும் வேலை முதன்முதலாக எனக்கு வந்தது. களத்தில் எதன்மீது ஆளைத் தூக்கி எறிந்தாலும் அது உடைய வேண்டும் என்பது நிபந்தனை. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறை ஒன்றை அப்படியே கொண்டுவந்தேன். கீற்றுக் கொட்டகை, கல்தூசி, நடுவில் ஆளுயர அம்மன் சிலை.

டெஸ்டிங் செய்த நால்வரும் ஒரு மாதம் விளையாடிவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்கள். கேமைச் செய்யச் சொன்ன வெளிநாட்டுக்காரர் முதல் நிமிடத்திலேயே ஆளை அம்மன்மேல் எறிந்தார். கேம் அப்படியே உறைந்துவிட்டது. ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் இந்த ஸ்டேஜே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நால்வரையும் பிடித்துக் கத்தினேன். அவர்களில் திருக்கழுக்குன்றத்துக்காரர் ஒருவர் தலையைச் சொறிந்தார்.

"சாமி மேல எப்டிங்க தூக்கிப் போடறது? கண்ணக் குத்திடாது? நாங்க அந்தப் பக்கமே போவல."

நால்வரில் இன்னொருவர் கிறிஸ்தவர். அவரும் போகவில்லையாம். என் கோபம் பாதியில் நின்றது. சிலை உடைந்தால் சிதற வேண்டிய துண்டுகளைத் தனியாகச் செய்து வைத்த நானும் ஒருமுறைகூட அவளை உடைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் மாமல்லபுரத்தில் அதே பட்டறைக்குப் போய்ச் சிற்பியிடம் நடந்ததைச் சொன்னேன். என் வயதுக்காரர்தான். உளியை நிறுத்தாமல் பதில் சொன்னார்.

"கண்ணு தொறக்கற வரைக்கும் அது கல்லுதாம்மா. ஒடஞ்சா பேஜாருதான், வேற கல்லு எட்துக்கினு வருவோம். கண்ணு கடசீலதான்."

அவர் முன்னால் இருந்த முகத்தில் உதடு பேசப்போவது போலிருந்தது. கண் இருக்க வேண்டிய இடம் வெறும் மேடு. அங்கே நாலு கோடு விழுந்ததும் இதே மனிதர் இதே கல்லைக் கும்பிடுவார். அதை நினைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஸ்டேஜுக்காக இவ்வளவு நாள் அந்தப் பட்டறைத் தெருவில் கேமராவும் கையுமாக அலைந்தும் இது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆபீசுக்கு வந்து கேம் உறைந்த கோளாறைச் சரிசெய்தேன். சிலையின் கண்களை அழித்தேன். நால்வரையும் கூப்பிட்டு, இது இன்னும் கல்தான் என்று விளக்கினேன். திருக்கழுக்குன்றத்துக்காரர் துணிந்து ஆளைத் தூக்கி எறிந்தார்.

சிலை சரிந்தது. கேம் நிற்கவில்லை. துண்டுகள் சிதற, முகம் மட்டும் உருண்டு வந்து எங்களைப் பார்த்து நின்றது. உடையும் துண்டுகள் பழைய சிலையிலிருந்து செய்தவை. அவற்றில் கண்ணை அழிக்க மறந்திருந்தேன். கல்லாக நின்றவள் உடைந்ததும் கண் திறந்திருந்தாள்.

மூவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

வெளிநாட்டுக்காரரிடம் அப்படியே காட்டினேன். தானே ஒருமுறை ஆளை எறிந்து பார்த்தார். ஸ்டேஜ் இருக்கட்டும், அந்தக் கண்ணும் இருக்கட்டும் என்றார். கேம் வெளிவந்தது. அதில் விளையாட உட்கார்ந்தால் நான் இன்றுவரை ஆளை அந்தப் பக்கம் எறிவதில்லை.