கரண்டியை மாற்றிய வாரம்

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் படிக்கத்தான் இதை எழுதி வைக்கிறேன். தம்பிக்கு இந்தக் கதை பாதிதான் தெரியும். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன்.

பாப்பா, நீ என்ன படிக்கிறாய் என்று தாம்பரத்தில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிடுவேன். அது சரியில்லைதான். சாப்பாடு எங்கே வீணாகிறது, மண்ணும் தண்ணீரும் எதனால் கெடுகின்றன, அதில் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எண்களை வைத்துக் கண்டுபிடிக்கிற படிப்பு. பொருளாதாரமும் டேட்டா அனலிடிக்ஸும் சேர்ந்தது. அதற்கான ப்ராஜெக்ட்டில், பொத்தேரியில் காலேஜ் பசங்களுக்கு நான் நடத்துகிற மெஸ்ஸையும் சேர்த்துக்கொண்டாய். மத்தியானம் தட்டில் மிச்சமாவதைத் தராசில் வைத்து நோட்டில் எழுத வேண்டும்.

நம்ம மெஸ்தான் மோசம் என்று வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். நீ தராசோடு வந்த முதல் நாளே யாரிடமும் சொல்லாமல் கரண்டிகளைச் சின்னதாக மாற்றிவிட்டேன். குறைவாகப் போட்டால் மிச்சமும் குறையுமே.

மெஸ்ஸில் பரிமாறுகிற வேலைக்கார அம்மா சும்மா விடவில்லை. "இன்னாண்ணா, கரண்டி டயட்ல கீது போல?"

"பேசாம போடும்மா."

ஒரு வாரம் கழித்து, பொத்தேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது போனில் ஒரு கிராஃப் காட்டினாய். "நாலு மெஸ்ல நம்மளுதுதான்பா பெஸ்ட். வெள்ளிக்கிழமை கிளாஸ்ல இதைத்தான் காட்டப்போறேன். வேஸ்ட் ஏன் இவ்ளோ கம்மின்னு மேம் கேட்டா, எங்கப்பா சமையல்னு சொல்லிடுவேன்."

அதைக் கேட்டபிறகு சும்மா நிற்க முடியவில்லை.

"கரண்டிய மாத்திட்டேன் பாப்பா."

"எப்போலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

ரயில் ஏறியதும் போனைப் பைக்குள் போட்டுவிட்டாய். பிறகு, "பசங்க அரை வயிறோட போனாங்களாப்பா?" என்றாய்.

"ரெண்டாந்தடவ கேட்டவனுக்குப் போட்டேன்."

"கேக்காதவன்?"



மறுநாள் மேமிடம் உண்மையையே சொன்னாயாம்: "எங்கப்பா கரண்டிய மாத்திட்டாரு மேம்." மேம் சிரித்துவிட்டு இன்னும் ஒரு வாரம் கொடுத்தார்களாம். எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, பழைய கரண்டியோடு முதலிலிருந்து எடை எடுத்தாய். சாதம் அவ்வளவாகத் திரும்பி வரவில்லை. வந்ததில் பாதிக்கு மேல் என் முட்டைக்கோஸ் பொரியல்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குக் காய்னாலே ஆகாது," என்றேன்.

நீ சண்டைக்கு வரவில்லை. "என்னிக்காவது அத நீ சாப்ட்ருக்கியாப்பா?" என்று கேட்டுவிட்டு, நோட்டையும் தராசையும் மேஜையிலேயே வைத்துவிட்டு காலேஜுக்குக் கிளம்பினாய். நான் ரசம் சாதத்தை அடுப்படியில் நின்றபடியே முடித்துக்கொள்கிறவன்; பொரியலைத் தொட்டதில்லை.

மூணு மணிக்கு அந்த அம்மாவும் வீட்டுக்குப் போனபிறகு, பசங்க உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பொரியலை ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன். குழைந்து, தண்ணீர் விட்டு, ஆறிக் கிடந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தைத் தராசில் வைத்து, உன் நோட்டில் கடைசி வரிக்குக் கீழே எடையை எழுதி, பக்கத்தில் 'அப்பா' என்று போட்டேன்.