பாக்கியம் அன்ரிக்கு வார்த்த தண்ணீர்

ஆவி, அமானுஷ்யம் என்று எவராவது பேச்செடுத்தால், தேநீர் போட்டு வருகிறேன் என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுகிறவள் நான். அச்சத்தினால் அன்று, அலுப்பினால். புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தின் கிழக்கே, வோபர்ன் பக்கத்து முதியோர் இல்லமொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பராமரிப்புப் பணி செய்கிறேன். உயிர் பிரிந்த உடல்களோடு தனியே இருந்து, கைகால்களை நேராக்கி, வாயைத் துடைத்து, தலையைச் சீவி, உறவினர் வரும்வரை காவல் இருந்திருக்கிறேன். அத்தனை ஆண்டுகளில் ஒரு திரைச்சீலைகூடக் காரணமின்றி அசைந்ததில்லை. ஆகையால், இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதற்குள் தேநீர் போட எழுந்திருப்பேன்.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனெனில் நடந்தது முழுவதும் அதைப் பற்றியதுதான். பிறரைக் குளிப்பாட்டுவதே என் வேலை. அதை இழிவென்று நினைக்கிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். மறதிநோய் பிடித்த ஒரு மனிதரை, தண்ணீரைக் கண்டதும் அலறிக் கையை ஓங்குகிறவரை, கண்ணில் ஒரு துளி படாமல் தலைமுழுக வார்த்து, சிரிக்க வைத்து நாற்காலியில் திரும்ப அமர்த்துங்கள் பார்க்கலாம். நான் அமர்த்துவேன். முதற்குவளையை வலது பாதத்தில் மட்டும் வார்ப்பேன். அடுத்தது முழங்காலுக்கு, அதற்கடுத்தது உள்ளங்கைக்கு. தண்ணீர் வந்திருக்கிறது என்பதை உடம்புக்கு இப்படிச் சொல்லிவிட்டு, இடக்கையை நெற்றியில் இறவாரம்போல் சாய்த்துப் பிடித்து, அதன் பின்னரே தலைக்கு வார்ப்பேன். எவரும் எனக்குக் கற்றுத் தந்த முறையன்று, நானாகக் கண்டுகொண்டது. பழக்கப்பட்டவர்கள் என்னைக் கண்டதும் தாமாகவே வலது காலை நீட்டுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை மேற்பார்வையாளர், "மலரின் கையைப் பார்த்துக்கொள்" என்றுதான் என்னிடம் அனுப்புவார். என்மீது ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. சொன்ன நாளில் சொன்ன குளிப்பை நான் தவறவிட்டதும் இல்லை, ஒரே ஒருவருடையதைத் தவிர.

அவரைப் பாக்கியம் அன்ரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லத்தில் வாழ்கிறவர்களின் பெயரை வெளியே சொல்வது எங்கள் தொழிலில் தவறு. மட்டக்களப்பில் பிறந்தவர். எங்களவர்கள் அகதிகளாக நகரத்தின் பார்க்டேல் பகுதியில் வந்திறங்கிய ஆரம்ப காலத்தில், ஓர் அறைக்குள் ஆறு பேராக இருந்து, தையல் ஆலையில் உழைத்து முன்னுக்கு வந்தவர். நாக்கு நீளம். அதனினும் நீளம் கூந்தல். இடுப்புக்குக் கீழே இறங்கிய வெள்ளைக் கூந்தல் அது. பராமரிக்கச் சிரமம் என்று கத்தரிக்கப் பார்த்தவர்களை அவர் ஓட ஓடத் துரத்தியதை நானே கண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் அவருக்கு நான்தான் முழுக வார்ப்பேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே நையாண்டிதான்.

"என்னகா புள்ள, உங்கட யாழ்ப்பாணத்துல தண்ணியும் அளந்துதான் குடுப்பாங்களா? நல்லா ஊத்துகா!"

"அன்ரி, வாயை மூடினால்தான் ஊத்தலாம். சவுக்காரம் உள்ளுக்குப் போகும்."

"போனாப் போகட்டும். உங்கட ஆக்கள்ர கதையக் கேட்ட எனக்கு, வாய்க்குள்ள சவுக்காரம் பெரிசில்ல."

பின்பு நோய்த்தொற்றுக் காலம் வந்தது. இல்லத்தின் குளிப்பறையைப் பூட்டினார்கள். ஈரத்துணியால் துடைத்துவிடலாம், தண்ணீர் வார்க்கலாகாது. ஒரு வாரம், இரு வாரம், ஏழு வாரம். பாக்கியம் அன்ரியின் கூந்தல் சிக்கேறி, பின்னங்கழுத்தில் கம்பளித் துண்டுபோல் திரண்டுவிட்டது. அவர் மகனைக் கேட்கவில்லை, மருந்தைக் கேட்கவில்லை. "தலைக்குத் தண்ணி வாருகா" என்றுதான் கேட்டார். முகக்கவசத்துக்குள்ளிருந்து நான் சத்தியம் செய்தேன்: "குளிப்பறை திறந்த உடனை உங்களுக்குத்தான் முதல் முழுக்கு. சிக்கெல்லாம் நான் எடுத்துவிடுவன், கத்தரிக்க விடமாட்டன். சத்தியம், அன்ரி."

திங்கட்கிழமை அவர் இறந்தார். புதன்கிழமை குளிப்பறையைத் திறந்தார்கள்.

அந்நாளில் பெட்டியை மூடியே அனுப்பினார்கள். இறந்தவரின் தலையில் உறவினர் அரப்பும் எண்ணெயும் வைத்து நீராட்டும் முறை அவருக்கு நடக்கவில்லை. மகன் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தலைக்குத் தண்ணீர் படவே இல்லை. பலர் என்னைத் தேற்றினார்கள், உன் பிழையில்லை என்றார்கள். பிழையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் சத்தியம் செய்த வாய் என்னுடையதல்லவா? அதன் பின்பு எவராவது என் கைத்திறனைப் புகழ்ந்தால், முன்புபோல் தலைநிமிர்ந்து கேட்க முடியவில்லை. அந்த வெள்ளைக் கூந்தல் நினைவில் வந்து நின்றுவிடும்.

சென்ற ஆண்டு வேனில் விடுமுறைக்குப் பாரிசிலிருந்து என் தங்கை சரசா வந்தாள். அவளுக்காக நானும் ஒரு வாரம் விடுப்பெடுத்தேன். அருவியும் கோபுரமும் பார்த்து முடிந்த பின், காலை உணவு மேசையில் ஒரு செய்தி சொன்னாள்.

"அக்கா, நாளைக்கு ஒரு துருக்கிக் குளிப்புக்குப் போறம். நகரத்தின்ரை மேற்குப் பக்கத்திலை ஒண்டு இருக்குதாம். பதிஞ்சிட்டன்."

"குளிக்கிறதுக்கு ஆரும் பதிவினமோடி? இஞ்சை மேல்மாடியிலை ரெண்டு குளிப்பறை சும்மா கிடக்குது."

"ஊரெல்லாரையும் குளிப்பாட்டினது காணும். ஒருக்கா நீங்கள் பேசாமல் கிடவுங்கோ, வேறை ஆரும் உங்களைக் குளிப்பாட்டட்டும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் குடியிருக்கும் பிக்கரிங்கிலிருந்து ரெயின் ஏறி, பின்பு தெருவண்டி பிடித்துப் போனோம். வெளியே சாதாரணச் செங்கற்கட்டடம், உள்ளே வேறோர் உலகம். நீச்சலுடை கொண்டுவரவேண்டும் என்று சரசா சொல்லியிருந்தாள். எனக்கு ஏது நீச்சலுடை? பழைய பாவாடையொன்றைப் பையில் வைத்துக்கொண்டு போய், மார்புக்குமேல் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சரசா தலையில் கைவைத்தாள்.

"ஐயோ அக்கா, கிணத்தடிக்கே வந்தனீங்கள்?"

அங்கிருந்த துருக்கிப் பணிப்பெண்ணோ என்னைப் பார்த்து மகிழ்ந்து தலையாட்டினாள். அவள் எங்களுக்கென வைத்திருந்த கட்டம்போட்ட பருத்தித் துணியையும் அப்படித்தான் கட்டவேண்டுமாம். சரசாவுக்கு அதைக் கட்டத் தெரியாமல் நான்தான் கட்டிவிட்டேன். அதிலும் எனக்குச் சிறிது பெருமை.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நீராவி அறைக்குள் சென்றோம். நடுவில் பெரிய சலவைக்கல் மேடை, அடியிலிருந்து சூடேறியிருந்தது. சுவரோரமாகக் கல் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் குழாய் நீர் நிரம்பி விளிம்பால் வழிந்துகொண்டிருக்க, மேலே ஒரு செம்புக் கிண்ணம். பணிப்பெண் என்னை மேடையில் படுக்கச் சொல்லிவிட்டு, முதலில் சரசாவை உடம்பு தேய்ப்பதற்காக அடுத்த தடுப்பறைக்கு அழைத்துச் சென்றாள். இடையில் அரைச்சுவர் ஒன்றுதான். சரசாவின் கூச்சச் சிரிப்பு எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் மல்லாந்து கிடந்தேன். வேலையில்லாமல் கிடப்பது எத்தனை கடினமான வேலை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

எவ்வளவு நேரம் சென்றதோ, புரண்டு படுத்தபோது எதிர்த் தொட்டியருகே ஒரு பெண் அமர்ந்திருப்பது தெரிந்தது. எனக்குக் கண்ணாடி இல்லை, அறை நிறைய ஆவி. முதியவர் என்பது முதுகின் வளைவில் விளங்கிற்று. தலை குனிந்திருந்தது. கூந்தல் முன்னால் விழுந்து தரையைத் தொட்டது. அவர் கையைத் தூக்கிக் கிண்ணத்தை எட்ட முயல்வதையும், தோளுக்குமேல் கை எழாமல் விழுவதையும் கண்டேன். அதன் பின் என்னால் படுத்திருக்க இயலுமா? வந்தது விடுமுறைக்கு, குளிப்பாட்டப்பட வந்தவள் நான் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. எழுந்து சென்று கிண்ணத்தை எடுத்தேன். உதவலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் வலது காலை நீட்டினார்.

நம்பினால் நம்புங்கள். அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. முதல் நீரை எங்கே வார்ப்பேன் என்பது, நான் குளிப்பாட்டியவர்களுக்கும் என்னிடம் தொழில் பழகியவர்களுக்கும் அன்றி உலகில் வேறெவருக்கும் தெரியாது. நான் அலறியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அச்சம் வரவில்லை. கையில் கிண்ணம் இருந்தது, எதிரே சிக்கேறிய தலை இருந்தது. பாதத்துக்கு வார்த்தேன். முழங்காலுக்கு வார்த்தேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினார், அதற்கும் வார்த்தேன். நெற்றியில் இடக்கையைச் சாய்த்துப் பிடித்து, "கண்ணை மூடுங்கோ அன்ரி, தண்ணி வருது" என்றேன். வார்த்தேன்.

அந்த நெற்றி குளிர்ந்திருந்ததா, சூடாயிருந்ததா என்று பின்னாளில் என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தது என்பது மட்டுமே நினைவிருக்கிறது. பின்னங்கழுத்தில் அந்தத் திரள் என் வலக்கையில் தட்டுப்பட்டது. தொட்டியோரம் இருந்த சவுக்காரத்தைக் குழைத்துத் தடவி, நுனியிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இழையாகப் பிரித்தேன். சிக்கை வேரிலிருந்து இழுப்பவர்கள் மூடர்கள். நுனியிலிருந்து மேலேறவேண்டும், ஒரு மயிரும் அறாமல். சீப்பில்லை, விரல்கள்தான். தண்ணீர் வார்த்து, பிரித்து, மறுபடியும் வார்த்து. பாதிக்கு வந்தபோது அவர் பேசினார்.

"என்னகா புள்ள, இங்கேயும் அளந்துதானா?"

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். "தொட்டி வழியுது அன்ரி, இண்டைக்கு அளவில்லை" என்று சொல்லி, கிண்ணம் கிண்ணமாக வார்த்தேன். கடைசிச் சிக்கும் விட்டது. கூந்தல் முழுவதும் முதுகில் நேராக இறங்கியது. என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளில் அதைவிடச் சிறந்தது இல்லை. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

துவட்டுவதற்குத் துணி எடுக்கத் திரும்பினேன். ஆணியில் தொங்கிய துணியை எடுத்துத் திரும்பும் அவ்வளவு நேரந்தான். அவர் இருந்த இடத்தில் எவரும் இல்லை. தொட்டியின் நீர் வழிந்துகொண்டிருந்தது.

பணிப்பெண் வந்து, "நீங்களே குளிக்கத் தொடங்கிவிட்டீர்களா? அது என் வேலை" என்று செல்லமாகக் கடிந்தாள். மற்றப் பெண்மணி எங்கே என்று கேட்டேன். அந்த நேரத்துக்குப் பதிந்தவர்கள் நீங்கள் இருவரே என்றாள். அவளுக்குப் பின்னால் சரசா, வேகவைத்த இறாலைப்போல் சிவந்துபோய் வந்துகொண்டிருந்தாள்.

"எங்கை அக்கா உந்த மட்டக்களப்புக் கதை கதைச்ச மனிசி? தண்ணி காணாது, இன்னும் ஊத்து எண்டு உங்களோடை கொழுவிக்கொண்டிருந்தா. இஞ்சை வந்தும் ஆக்களைப் பிடிச்சிட்டீங்களே!"

பாக்கியம் அன்ரியைப் பற்றிச் சரசாவிடம் நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. தொழில் தருமம் என்று மேலே சொன்னேனே, அதை என் தங்கையிடமும் மீறியதில்லை. அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. சலவைக்கல்லில் அமர்ந்து அழுதேன். கண்ணில் சவுக்காரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். என் கையால் கண்ணில் சவுக்காரமா என்று அந்த அழுகையினூடும் எனக்குக் கோபம் வந்தது.

திரும்பும் வழியில் சரசா தூங்கிப்போனாள். நான் நிமிர்ந்து அமர்ந்திருந்தேன். சொன்ன வேலையைச் செய்து முடித்தவள் எப்படி அமர்வாளோ, அப்படி. அச்சம் அப்போதும் இல்லை. அது மூன்று நாள் கழித்துத்தான் வந்தது.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன். எங்கள் இல்லத்தில் வருகையைப் பதிய ஒரு சிறு கருவி உண்டு, விரல் வைத்தால் ஆளை அறிந்துகொள்ளும். என் விரலை அது ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன், ஏற்கவில்லை. கருவியைப் பார்க்க வந்த பையன், என் வலக்கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான். ஐந்து விரல் நுனிகளும், நெடுநேரம் நீரில் ஊறியவைபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இடக்கை வழக்கம்போல் இருந்தது.

இப்போது பத்து மாதங்கள் ஆகின்றன. வைத்தியர் பார்த்துவிட்டார், தோல்நோய் நிபுணரும் பார்த்துவிட்டார். நோவில்லை, அரிப்பில்லை, காரணமும் இல்லை. இடக்கை விரலைப் பதிந்துகொண்டுதான் நாள்தோறும் வேலைக்குள் நுழைகிறேன். புதிதாக வருகிற பெண்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் களிம்பு சொல்கிறார்கள். நான் பூசுவதில்லை.

அன்று அந்தப் பையன் வேறொன்றும் பிழையாகக் கேட்டுவிடவில்லை. "தண்ணீரிலிருந்து கையை எப்போது எடுத்தீர்கள்?" என்றுதான் கேட்டான். வெள்ளிக்கிழமை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. எடுத்தேனா என்பது எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது.