கூரையில் இல்லாத புகைபோக்கி

“ஃபோனிலேயே விலை சொல்லிவிடு” என்றார் முதலாளி கிரெக். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, எல்லர்ஸ்லியில் ஒரு சிறிய ஹீட்டிங் கொம்பனியில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். பொய்லர் பூட்டுவது, பழுது பார்ப்பது, விலை சொல்வது எல்லாம் என் பொறுப்பு.

அன்று ஃபோனில் அழைத்தவர் வித்யா என்ற சென்னைப் பெண். அவரும் கணவரும் மவுண்ட் ஈடனில் ஒரு பழைய மரவீட்டை வாங்கியிருந்தார்கள். நிலவறையில் காஸில் எரியும் ஒரு நீராவி பொய்லர் இருந்தது. அதிலிருந்துதான் அறைகளைச் சூடாக்கும் எல்லா ரேடியேட்டர்களுக்கும் நீராவி போகும். இந்த ஊரில் அப்படிப்பட்ட வீடு மிக அரிது. பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். வேறு இரண்டு கொன்ராக்டர்கள் பொய்லரின் தகட்டில் உள்ள அளவைக் கேட்டு, வந்து பார்க்காமலே விலை சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஒருவரை அடுத்த வாரம் வரச் சொல்ல அவர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். கோயிலில் யாரோ என் பெயரைச் சொன்னதால் எங்களையும் கேட்டுப் பார்த்தார்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு வேறு வேலை இருந்தது. நேரில் பார்த்துவிட்டே விலை சொல்லலாம் என்று அவரிடம் நேரம் சொல்லிவிட்டுப் போனேன்.

தூறலாக இருந்த காலை. வித்யா கதவைத் திறந்து, சத்தம் போட வேண்டாம் என்று கையைக் காட்டினார். கணவர் ரமேஷுக்கு ஆஸ்பத்திரி லேபில் இரவு வேலை. இரண்டு மணி நேரத்துக்கு முன்தான் வந்து படுத்தாராம். குளிர் தொடங்கிப் பொய்லரைப் போட்டதிலிருந்து சுவரெல்லாம் வேர்க்கிறது, ஒரு மாதிரி வாடை வருகிறது என்று மெல்லிய குரலில் சொன்னார். அவர் பகலில் வங்கி வேலைக்குப் போகிறவர். கணவர் குளிரில் படுக்கக் கூடாது என்று தினமும் காலையில் பொய்லரைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவாராம். அன்று எனக்காக லீவு எடுத்திருந்தார்.

“அவருக்கு நைட் ஷிஃப்ட் ஒத்துக்கல சார். வீட்ல படுத்தா தலைவலி, வாந்தி. வேலைக்குப் போனா சரியாயிடுதுன்றாரு. இந்த வீட்டுக்கு என்னைப் பிடிக்கலன்னு சிரிக்கிறாரு.”

அதைக் கேட்டுக்கொண்டே நிலவறைக்குள் இறங்கினேன். பொய்லர் எரிந்துகொண்டிருந்தது. சின்ன ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. நீலமாக இருக்க வேண்டிய சுவாலை மஞ்சளாக ஆடியது. புகை வெளியேறும் வாயைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. ஒரு தீக்குச்சியைக் கிழித்து அணைத்து அந்த வாயருகே பிடித்தேன். குச்சியின் புகையை அது உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. புகை திரும்பி என் முகத்தில் வந்து பட்டது.

காஸ் வால்வை மூடிவிட்டு வெளியே ஓடி வந்து கூரையைப் பார்த்தேன். புத்தம் புதிய தகரம், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெறுமையாகக் கிடந்தது.

“தங்கச்சி, புகைபோக்கி எங்கை?” என்று பின்னால் ஓடி வந்த வித்யாவிடம் கேட்டேன்.

“அதுவா? கோடையில கூரை மாத்தினோம். அது வழியா மழைத்தண்ணி இறங்குச்சு. விறகு எரிக்கிற கணப்பு எல்லாம்தான் பலகை வச்சு அடைச்சிருக்கே, இனிமே எதுக்குன்னு இடிச்சு மூடிடச் சொன்னோம். ஏன் சார்?”

பொய்லரின் புகைக்கும் அந்த வீட்டில் அதுதான் ஒரே வழி.

“அவர் எந்த அறையிலை படுத்திருக்கிறார்?”

வித்யா கைகாட்டிய ஜன்னல் நிலவறைக்கு நேர் மேலே இருந்தது.

அந்த அறைக்குள் போனபோது ரமேஷ் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பார்த்தால் நல்ல தூக்கம் என்றுதான் தோன்றும். வித்யா தோளைப் பிடித்து உலுக்கினார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அசைவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். படுக்கை விரிப்போடு சேர்த்து அவரைத் தரையில் இறக்கி, இருவருமாக இழுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வெளியே வந்தோம். பாதி வழியில் எனக்கே தலை சுற்றியது. வித்யா வாசலருகே இருந்த ஃபோனில் அவசர எண் 111-ஐக் கூப்பிட்டார். முகவரி சொல்லும்போது தன் வீட்டு இலக்கம் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. நான் எட்டி வாசற்கதவில் இருந்த இலக்கத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அம்புலன்ஸ் வருவதற்குச் சற்று முன் ரமேஷ் வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து, ஏன் மழையில் கிடக்கிறேன் என்று கேட்டார். ஒக்ஸிஜன் மாஸ்க்கைப் போட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். காபன் மொனொக்சைட் என்று ஆஸ்பத்திரியில் உறுதி செய்தார்கள். நிறமில்லாத, மணமில்லாத விஷவாயு. வித்யா முகர்ந்த வாடை அதோடு வந்த மற்றப் புகையினுடையது. ரமேஷ் தேறப் பல நாட்கள் எடுத்தன, ஆனால் முழுதாகத் தேறினார்.

அம்புலன்ஸ் போன பிறகு என் வான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நான் நேரில் வந்திராவிட்டால் புதுப் பொய்லரும் அதே மூடிய புகைபோக்கியில்தான் பூட்டப்பட்டிருக்கும். பூட்ட வருபவர் கவனித்திருக்கலாம். கவனிக்காமலும் விட்டிருக்கலாம். பொய்லர் புதிது என்ற நம்பிக்கையில் ரமேஷ் அதே அறையில் படுத்திருப்பார்.

மறுநாள் கிரெக்கும் நானும் அந்தக் கூரையை மாற்றிய கூரைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் நல்ல வேலைக்காரர். கூரையில் ஒரு குறை சொல்ல முடியாது. நிலவறையில் நின்று புகைபோக்கிக்குள் டோர்ச் அடித்து மேலே பார்த்தார். தெரிந்தது அவர் போட்ட தகரம். டோர்ச்சை அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். எல்லர்ஸ்லிக்குத் திரும்பி வந்ததும், இனி யாருக்கும் ஃபோனில் விலை சொல்லக் கூடாது என்றார் கிரெக்.

புகைபோக்கியைத் திரும்பக் கட்டினால் பழைய பொய்லரே இன்னும் பல வருடம் ஓடும் என்று வித்யாவிடம் சொன்னேன். பொய்லரில் ஒரு பிழையும் இல்லை. அவர் சம்மதிக்கவில்லை, வீட்டுக்குள் நெருப்பே வேண்டாம், எலக்ட்ரிக் ஹீட்டர் போதும் என்றார். நான்தான் பொய்லரைத் துண்டு துண்டாக வெட்டி வெளியே எடுத்தேன். கடைசித் துண்டு லொறியில் ஏறும்வரை வித்யா வாசலிலேயே நின்றார்.

“தினமும் அதைப் போட்டு விட்டுட்டுப் போனது நான்தானே சார்” என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாற்றச் சொல்லும் சாமானைப் பார்க்கும் முன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். சமீபத்தில் யார் வந்து என்ன வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். அந்த வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்றும் கேளுங்கள். வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்களுக்கும் ஒன்று: இவற்றைக் கேட்காமல் விலை சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.